பாட்டு பஸ்ஸும் நடு ஒயரும்

பக்கத்து வீட்டுத் தம்பி போன மாதம் தன் காரில் பெரிய ஆம்ப்ளிஃபயரும், டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு சப்-ஊஃபரும் மாட்டிக்கொண்டு வந்தார். ராத்திரியில் பாட்டுப் போட்டால் ஒவ்வொரு 'தும்'முக்கும் ஹெட்லைட் கண் சிமிட்டுகிறது. "ஐயா, நீங்க பஸ் ஷெட்டுல எலக்ட்ரீஷியனா இருந்தீங்களாமா. இதுக்கு என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

காரில் பாட்டுக் கேட்கும் ஆசை ரொம்பப் பழையது. 1930-இல் அமெரிக்காவின் சிகாகோவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற சகோதரர்கள் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் ஒரு கார் ரேடியோ செய்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டில் அவர்களுக்கு ஸ்டால் கிடையாது. காரை வெளியே நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாகப் பாட விட்டே ஆர்டர் பிடித்தார்கள். கடன் கேட்கப் போன பேங்க்காரரின் காரிலேயே ஒரு ரேடியோவை மாட்டிக் கொடுக்க, கொஞ்ச நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்தது என்றும் ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, ஒயரிங் வேலை பார்த்தவன் யாரும் அதைக் கேட்டுச் சிரிக்க மாட்டான்.

அப்போது கார் பேட்டரி 6 வோல்ட். வால்வு ரேடியோவுக்கோ நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்காக வண்டியின் தரைப்பலகைக்கு அடியில் தனியாக டிரை பேட்டரிகளை அடுக்கினார்கள். பிறகு வைப்ரேட்டர் வந்தது. 'ங்ங்' என்று முனகிக்கொண்டே அது 6 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும். 1950-களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. டிரான்சிஸ்டர் வந்ததும் வைப்ரேட்டருக்கு வேலையில்லை. ரேடியோ குடிக்கும் கரண்டும் குறைந்தது.

அடுத்தது டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. 1960 மாடல் வேலியன்ட் காரில் கிரைஸ்லர் கம்பெனி அதைக் கொடுத்தது. மோட்டோரோலாவின் முதல் ரேடியோவில் கைகொடுத்த எல்மர் வேவரிங் என்பவரே பிற்காலத்தில் ஆல்டர்னேட்டர் வேலையிலும் முன்நின்றார். பாட்டுக்கும் கரண்டுக்கும் உள்ள உறவு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். நம் ஊரில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் பாடியில் டைனமோ, செல்ஃப் மோட்டார் எல்லாம் செய்தது. அந்தப் பெயர் பொறித்த டைனமோக்களைக் கழற்றி மாட்டித்தான் என் விரல்கள் காய்த்தன.

டைனமோவின் குணம் பழைய ஆட்களுக்குத் தெரியும். வண்டி ஓடினால் சார்ஜ் ஏறும். ஐட்லிங்கில் நின்றால் ஒன்றும் தராது, சிவப்பு லைட் எரியும். மோரிஸ் கார்களில் வந்த லூகாஸ் சி-40 டைனமோ மொத்தமே 22 ஆம்பியர்தான் கொடுக்கும். ஹெட்லைட்டுக்கே ஏழெட்டு ஆம்பியர் போய்விடும்.

இனி எங்கள் ஷெட். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பஸ் கம்பெனி. 1980-க்குப் பிறகு பாட்டு இல்லாத பஸ்ஸில் ஜனங்கள் ஏற மாட்டார்கள் என்ற நிலைமை வந்துவிட்டது. இளையராஜா பாட்டுக்காக முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்த காலேஜ் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். எதிர்க் கம்பெனிக்காரர் நாலு ஸ்பீக்கர் வைத்தால் எங்கள் முதலாளி எட்டு வைப்பார். ஸ்டாண்டில் இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பாட்டு மட்டும் ஓடும். அது ஆள் சேர்க்க. அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோத்திருக்கும். டேப் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் 12 வோல்ட். முறைப்படி 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைக்க வேண்டும். அதற்கு முதலாளி காசு தரவில்லை. "நடுவுல இருந்து ஒரு ஒயரை எடுத்து உடப்பா" என்றார். இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒயர் எடுத்தால் கீழ்ப் பேட்டரி மட்டும் பாட்டுக்குக் கரண்ட் கொடுத்து இளைத்துக்கொண்டே போகும். மேல் பேட்டரியோ ஓவர்சார்ஜ் ஆகித் தண்ணீர் கொதித்து வற்றும். தெரிந்தேதான் செய்தேன். ஃபியூஸ்கூடப் போடவில்லை.

1984, ஐப்பசி மாதம், கடைசி டிரிப், மழை. காலையிலிருந்தே வண்டி தள்ளு ஸ்டார்ட்தான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கிற டவுன் பஸ், வைப்பர் ஓடுகிறது, உள்ளே பாட்டு. ஹெட்லைட் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மங்கிவிட்டது. முன்னால் போன மாட்டு வண்டி, டிரைவர் அண்ணன் கண்ணுக்குப் பத்தடிக்குள் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஒடித்ததில் பஸ் புளியமரத்தில் இடித்தது. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அண்ணனுக்கு வலது தோள்பட்டை எலும்பு நொறுங்கியது.

மறுநாள் விடிவதற்குள் அந்த ஒயரைக் கழற்றிச் சுருட்டி என் டூல் பாக்ஸில் போட்டுக்கொண்டேன். விசாரணையில் டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அண்ணன் அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடிக்கவே இல்லை.

அடுத்த வருஷமே எங்கள் வண்டிகளுக்கு ஆல்டர்னேட்டர், கன்வெர்ட்டர், தடித்த கேபிள், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் எல்லாம் வந்தன. முதலாளி கணக்குப் பார்க்காமல் காசு கொடுத்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன். பெரிய பேட்டரி மட்டும் வாங்கிப் பிரயோஜனமில்லை. பேட்டரி தொட்டி மாதிரி, ஆல்டர்னேட்டர்தான் கிணற்று மோட்டார். மோட்டார் சின்னதாக இருந்தால் தொட்டி எவ்வளவு பெரிதானாலும் காய்ந்துதான் போகும். முதலில் அதை மாற்றுங்கள். அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் கேபிளையும், எர்த் கேபிள்களையும் தடிப்பாக்குங்கள். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் போடுங்கள் என்றேன்.

ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் அண்ணன் வீட்டுக்குப் போய் நடு ஒயர் விஷயத்தைச் சொன்னேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து இடது கையால் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி. லைட்டு பாட்டுக்குத் தகுந்தாப்ல மங்கி மங்கி எரிஞ்சுதே. நானாவது பாட்டை நிறுத்தியிருக்கோணும். நல்ல பாட்டு, அதான் உட்டுட்டேன்" என்றார். பிறகு எனக்கும் ஒரு வெற்றிலையை நீட்டினார்.