தெரிஞ்ச ஓட்டை, தெரியாத ஓட்டை

உயரத்துல இருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கி ஒருத்தர் வந்தா, முதுகையும் எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடணும்னு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க. காலூன்றி விழும்போது அந்த அதிர்ச்சி குதிகாலோட நிக்காது, முதுகெலும்பு வரைக்கும் ஏறும். லிஃப்ட் குழி, தளத்துல விட்ட ஓட்டைன்னு விழுந்து வர்ற கட்டட வேலைக்காரங்களை அடிக்கடி பாக்கிறோம். கேஸ் ஷீட்ல "தவறி விழுந்தார்"னு எழுதிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிடுவோம்.

யார் தவறுங்கிறதுக்கு ஒரு பழைய வழக்கு இருக்கு. இங்கிலாந்து, 1866, இண்டர்மார் எதிர் டேம்ஸ். ஒரு சர்க்கரை சுத்திகரிப்பு ஆலை. சர்க்கரையை ஏத்தி இறக்க மேல்தளத்துல ஓட்டை, சுத்தி வேலி கிடையாது. எரிவாயுக் கருவியைச் சோதிக்க வெளியில இருந்து வந்த தொழிலாளி அதுல விழுந்தார். ஏறத்தாழ 29 அடி.

இந்தத் தொழில்ல ஓட்டை இருக்கிறது வழக்கம்தான்னு ஆலை தரப்பு வாதம். கோர்ட் அதை மறுக்கல. ஆனா பயன்படுத்தாத நேரத்துல வேலி போட்டா தொழிலுக்கு என்ன நஷ்டம்? வேலையா வர்றவரை, அவருக்குத் தெரியாத ஆபத்துல இருந்து காக்கிறது இடத்துக்காரர் கடமைன்னு நீதிபதி வில்ஸ் எழுதினார். நம்ம ஊர் சட்ட மாணவர்களும் இதைப் படிக்கிறாங்க.

எனக்கு உறுத்துறது வேற. ஜெயிச்சவர் வெளியாள். அதே ஆலையில தினமும் வேலை செஞ்சவர் விழுந்திருந்தா, "ஓட்டை இருக்கிறது தெரிஞ்சுதானே வேலை பாத்தே"ன்னு அன்னைய சட்டம் பெரும்பாலும் கையை விரிச்சிருக்கும்.

இந்தியாவோட 1948 தொழிற்சாலைகள் சட்டம், 33வது பிரிவு, இந்தத் தெரிஞ்சவர்-தெரியாதவர் பேச்சையே எடுக்கல. ஆபத்தான குழி, தொட்டி, தளத்து ஓட்டை எதுவானாலும் உறுதியா மூடு, இல்ல வேலி போடுன்னு அது சொல்லுச்சு. அவ்வளவுதான். ஆனா அது தொழிற்சாலைக்கு. ஓட்டையோடயே வளர்ற புதுக் கட்டடங்களோட தொழிலாளருக்குன்னு நாடு முழுக்கத் தனிச் சட்டம் வர 1996 ஆச்சு!

மூடினா மட்டும் போதாது. அமெரிக்க விதிப்படி மூடின பலகை நகராம இருக்கணும், மேல "ஓட்டை"ன்னோ "மூடி"ன்னோ எழுதணும், இல்லன்னா தனி நிறம் அடிக்கணும். காரணம், சும்மா கிடக்கிற பலகைன்னு நினைச்சு ஒருத்தர் தூக்குவார். கையில இருக்கிற பலகையே கண்ணை மறைக்கும். அடுத்த அடி ஓட்டைக்குள்ள.

என்கிட்ட வந்த ஒரு சென்ட்ரிங் தொழிலாளி அப்படித்தான் விழுந்தார். "பலகையை நான்தானே தூக்கினேன், என் தப்புதான் சார்"னார். அதுல ஏதாவது எழுதியிருந்துச்சான்னு கேட்டேன்.

"சிமெண்ட் கறைதான் சார் இருந்துச்சு."