தட்டு வந்தது, திடல் எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னை முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கிற நண்பர்களே, அரக்கோணத்துப் பெரியவர்களே, தாய்மார்களே!

பள்ளிப் பிள்ளைகளின் நலத்தைக் காப்பது வகுப்பறையா, விளையாட்டுத் திடலா என்பது தலைப்பு. எனக்கு முன்னால பேசின நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "விளையாட்டு சோறு போடுமா?" ஐயா, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிற ரயில்வேயை நம்பி வளர்ந்த ஊர்ல நின்னுக்கிட்டு இதைக் கேட்கலாமா? (கைதட்டல்)

போகட்டும். அவரே சோத்துல ஆரம்பிச்சதால நானும் சோத்துல இருந்தே வர்றேன். சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுவோம்.

1920. சென்னை மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடத் தீர்மானம் வருது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்குப் போச்சு. 1922-23-ல் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் 811 பேர். 1924-25-ல் 1,671 பேர். இரண்டு மடங்கு! ஆனால் தொடக்கக் கல்விப் பணத்தில் சோறு போடக் கூடாது என்று அன்றைய அரசாங்கம் சொன்னதால், 1925-ல் திட்டம் நின்று போனது.

அதே 1920. அதே சென்னை. ஹாரி க்ரோ பக் என்று ஓர் அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இன்றைக்கு நந்தனத்தில் இருக்கிற உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு மேலாளராகப் போனவரும் அவர்தான்.

நடுவர் அவர்களே, கவனிங்க. ஒரே வருஷம், ஒரே ஊர். ஒரு பக்கம் தட்டு, இன்னொரு பக்கம் விசில். இரண்டும் ஒண்ணாப் பிறந்த குழந்தைங்க மாதிரி. அதில் ஒண்ணு நல்லா வளர்ந்துது. இன்னொண்ணு ஏன் சவலைப் பிள்ளையா நிக்குது? என் பேச்சே இந்த ஒரு கேள்விதான்.

தட்டு எப்படி வளர்ந்தது? 1956-ல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆக்கினார். 1989-ல் கலைஞர் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வைத்தார். அது வளர்ந்து வாரத்துக்கு ஐந்து முட்டை ஆச்சு. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. கட்சி மாறுச்சு, ஆட்சி மாறுச்சு, தட்டு மட்டும் காலியாகலை. ஏன்? சாயந்திரம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி என்ன? "சாப்பிட்டியாடா?" கோடி அம்மாக்கள் கேட்கிற கேள்வியை எந்த அரசாங்கத்தாலும் தட்டிக்கழிக்க முடியாது. (கைதட்டல்)

"விளையாடினியாடா?"ன்னு எந்த வீட்டிலயாவது கேட்டிருக்கோமா? சட்டையில மண்ணு இருந்தா, "எங்கடா புரண்டுட்டு வர்றே?"ன்னுதானே கேட்கிறோம்! (சிரிப்பு)

அடுத்து வைத்தியம். நம்ம நாட்டில் 1909-லேயே பரோடாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை தொடங்கியாச்சு. அப்புறம் 1949. இந்த இடத்தில் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் வர்றார். திருத்தணியில் 1888-ல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-ல் அறிக்கை கொடுத்தது. அதில் மாணவர் நலனுக்கென்றே ஓர் அத்தியாயம். கல்லூரியில் சேரும்போதும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறையும் இலவச மருத்துவப் பரிசோதனை வேண்டும். குறைந்த விலையில் மதிய உணவு வேண்டும். இரண்டு வருஷம் உடற்கல்வி கட்டாயம் வேண்டும். தத்துவம் படித்த மேதை, கால் பந்தையும் கைநாடியையும் மறக்கலை. சோறு, வைத்தியம், விளையாட்டு, மூணையும் ஒரே இடத்தில் வைத்தார். கல்லூரிப் பிள்ளைக்கே இது வேணும்னா, வளர்ற வயசுல இருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வேண்டாமா? செப்டம்பர் 5-ல் அவர் படத்துக்கு மாலை போடுறோம். சொன்னதைச் செய்தோமா?

2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று அதன் அட்டவணையிலேயே இருக்கு. ஆனால் ஆசிரியர்? ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர். தமிழ்நாட்டில் 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல் இதுக்கெல்லாம் சேர்த்து 16,549 பேரை நியமிச்சாங்க. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதச் சம்பளம் 5,000 ரூபாய். கணக்குக்கு முழு நாள், உடம்புக்கு அரை நாள்! ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினம் 60 நிமிஷம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அரை நாள் வாத்தியாரை வைத்துக்கொண்டு அந்த அறுபது நிமிஷத்தை எங்கே தேடுவது?

மார்க் வேண்டாம்னு நான் சொல்ல வரலை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மார்க்தான் ஏணி, ஒத்துக்கறேன். ஏணியில ஏறக் காலு வேணுமே ஐயா!

என் கதையை ஒரு நிமிஷம் சொல்றேன். ஏழாம் வகுப்பு வரைக்கும் நான் மக்கு. நான் சொல்லலை, என் வகுப்பறை சொல்லிச்சு. கரும்பலகையில் இருக்கிறதைத் தப்புத் தப்பா எழுதுவேன். அடி வாங்குவேன். கடைசி பெஞ்சுக்குத் தள்ளினாங்க. அங்கே போனதும் சுத்தமா ஒண்ணும் தெரியலை. ஒரு நாள் திடலில் எங்க பி.டி. மாஸ்டர் பந்தை என் பக்கம் போட்டார். விட்டுட்டேன். மறுபடி போட்டார். மறுபடி விட்டேன். மூணாவது தடவை அவர் பந்து போடலை. பக்கத்துல வந்து, விரலைக் காட்டி, "எத்தனைடா?"ன்னு கேட்டார். அந்த வாரமே கண் பரிசோதனை முகாமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். கண்ணாடி போட்டுக்கிட்டு வெளியே வந்தப்போதான், வேப்ப மரத்துல இலை தனித்தனியா இருக்குங்கிறதே எனக்குத் தெரிஞ்சுது.

(நீண்ட கைதட்டல்)

வகுப்பறை என் மார்க்கைப் பார்த்தது. திடல் என்னைப் பார்த்தது. மயங்கி விழுற பிள்ளை, மூச்சு வாங்குற பிள்ளை, யாரோடும் சேராம ஓரமா நிக்கிற பிள்ளை, எல்லாரும் முதல்ல கண்ணுல படுறது திடல்லதான்.

இன்னைக்கு என் பொண்ணு எட்டாம் வகுப்பு. பரீட்சை வந்தா பி.டி. பீரியடு கணக்குப் பீரியடா மாறிடுதுங்கறா. நானும் இத்தனை நாள் சும்மாதான் இருந்தேன். தப்பு என்னுதும்தான்.

திருத்தணி நமக்கு எப்படிக் கிடைச்சுது? ம.பொ.சி. தலைமையில் கேட்டோம், போராடினோம். 1960 ஏப்ரல் 1-ல் வந்து சேர்ந்தது. சோறும் கேட்டதால வந்தது. திடலை நாம இன்னும் கேட்கலை, அவ்வளவுதான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்ட பிறகு, எழுந்து நின்னு இன்னொரு கேள்வியும் கேளுங்க: "என் பிள்ளை இந்த வாரம் எத்தனை மணி நேரம் விளையாடிச்சு?"

நான் கேட்கப் போறேன். நீங்களும் கேளுங்க.