கூ ஜியேகாங்கை எந்த வரிசையில் வைப்பது?

கீழிருந்து வரலாறு எழுதுவது எப்போது தொடங்கிற்று என்று கேட்டால் நம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இரண்டு பதில் கையில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, 1966இல் இ. பி. தாம்சன் அந்தப் பெயரிலேயே எழுதிய கட்டுரை. மற்றது, ரணஜித் குஹா 1982இல் தொடங்கிவைத்த அடித்தள மக்கள் ஆய்வுத் தொகுதிகள். இரண்டும் முக்கியமானவைதான், மறுக்கவில்லை. ஆனால் 1928லேயே கான்டன் நகரில் ஒருவர், ஞானிகளை நடுவில் உட்காரவைத்த சரித்திரத்தை உடைக்கணும், சனங்க எல்லாருக்குமான சரித்திரத்தைக் கட்டணும்னு அறிவித்துவிட்டார். அவர் கூ ஜியேகாங் (1893-1980).

உலகம் அவரை அறியாமல் இல்லை. அவரது தன்வரலாற்று முன்னுரையை ஆர்தர் ஹம்மல் 1931இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். லாரன்ஸ் ஷ்னைடர் 1971இல் தனிநூலே எழுதினார். ஆனாலும் அவருக்குக் கிடைத்தது சீனவியல் அலமாரியில் ஒரு மூலைதான். ஐரோப்பியன் எழுதினால் அது கோட்பாடு. சீனன் எழுதினால் அது சீனாவைப் பற்றிய தகவல்! இந்தப் பந்தி வரிசை நமக்குப் புதுசா என்ன?

அவர் 1923இல் சொன்னது எளிமையானது. காலம் பிந்தப் பிந்த, ஆதிராஜாக்கள் முந்தி முந்திப் போய் உட்காருகிறார்கள். பழைய பிரதிகளில் யூ மட்டும் இருக்கிறார். யாவும் ஷுன்னும் பிறகு அவருக்கு முன்னால் வருகிறார்கள். மஞ்சள் பேரரசர் அதற்கும் பிறகு. ஆக, பழமை என்பது பின்னால் வந்தவன் கொட்டிய மண். இது ஆட்சிக்குப் பொறுக்கவில்லை. அவரது பள்ளிப் பாடநூலை 1929இல் தேசியவாத அரசு தடைசெய்தது.

நான் அதைவிட முக்கியமாக நினைப்பது மெங் ஜியாங்நூ கதை பற்றி அவர் 1924 முதல் செய்த ஆய்வை. பழம்பிரதியில் அவள் போரில் செத்த வீரனின் மனைவி. நடுவழியில் துக்கம் விசாரிப்பது முறையல்ல என்று மறுக்கும் மேட்டுக்குடிப் பெண். அழுகையும் இல்லை, பெருஞ்சுவரும் இல்லை. சனங்களின் வாயில் விழுந்தபின் அவளே, சுவர் கட்டப் பிடித்துப்போன கூலியாளின் பெண்டாட்டி ஆகிறாள். அவள் அழுத அழுகையில் சுவரே இடிந்து விழுகிறது. பாட்டும் கதைப்பாடலும் திரட்டி இதைக் காட்டினார் கூ.

அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. ஜப்பானிய ஆக்கிரமிப்பு நடந்த 1939இல், சீன தேசிய இனம் ஒன்றேதான் என்று அவரே எழுதினார். எதிரி நாட்டைத் துண்டாடுகிறான் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த 'ஒன்று'க்குள் சிறுபான்மை இனங்கள் எங்கே போவது? ஃபெய் சியாவோதோங் அன்றைக்கே மறுத்து எழுதினார்.

எனவே அவரைத் தாம்சன், குஹாவுக்கு முன்வரிசையில் வைப்போம். வைத்துவிட்டு, அவர் கொடுத்த மண்வெட்டியால் அவருடைய 'ஒன்றே தேசம்' என்பதையும் தோண்டிப்பார்ப்போம். அதுவும் பின்னால் கொட்டிய மண்தானே.