போர்க்கப்பலின் ஆயுளும் முதலாளித்துவப் போட்டியும்

போர்க்கப்பலொன்று எவ்வளவு காலம் பயன்படும் என்னும் வினா கப்பற் பொறியியலாளருக்கே உரியதெனப் பொதுவாகக் கருதப்படுகிறது. மரம் உக்கும், இரும்பு துருவேறும், ஆகவே கப்பலுக்கும் ஓர் இயற்கை ஆயுள் உண்டு என்பது அக்கருத்தின் அடிப்படை. ஆயின் வரலாற்றை நோக்குமிடத்து, உடல் உறுதியாக இருக்கையிலேயே பயனற்றவையெனத் தள்ளப்பட்ட கப்பல்கள் பலவற்றைக் காண்கிறோம். இயந்திரம் உழைப்பதனால் மாத்திரமன்றி, அதனிலும் சிறந்த இயந்திரம் தோன்றுவதனாலும் மதிப்பிழக்கிறது என 1867இல் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். போர்க்கப்பலின் மூப்பும் இவ்வகைப்பட்டதே என்பது எமது கருத்து.

1765இல் நீரிலிறக்கப்பட்ட ‘விக்ரறி’ நாற்பது ஆண்டுகளின் பின், 1805இல், திரபல்கார் சமரில் நெல்சனின் தலைமைக் கப்பலாக நின்றது. இடையில் அது பலமுறை பழுதுபார்க்கப்பட்டதாயினும், மரவுடல், பாய், பக்கவாட்டுப் பீரங்கி என்னும் அடிப்படை மாறவில்லை. கைத்தொழிற் புரட்சி இந்நிலையைக் குலைத்தது. இரும்புடலும் நாலரை அங்குலக் கவசமும் நீராவி இயந்திரமும் கொண்ட ‘வொறியர்’ 1860இல் நீரிலிறங்கியது. 1871இலோ பாய்களை முற்றாகத் துறந்து, சுழலும் கோபுரங்களிற் பீரங்கிகளைத் தாங்கிய ‘டெவஸ்ரேஷன்’ வந்துவிட்டது. போரில் ஒரு குண்டேனும் சுடாமலே 1883இல் வொறியரின் கடற்சேவை முடிவுற்றது. அதன் உடலோ 1929 முதல் அரை நூற்றாண்டு காலம் எண்ணெய்க் கப்பல்கள் அணையும் இறங்குதுறையாகப் பயன்பட்டது. இன்றும் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் மிதக்கிறது. இரும்பு மூப்படையவில்லை என்பது வெளிப்படை.

டூரிங்குக்கு எதிரான நூலில் (1877–78) எங்கெல்ஸ் போர்க்கப்பலை உதாரணமாக எடுத்தமை தற்செயலன்று. பலாத்காரம் பொருளாதாரத்தைச் சார்ந்தது என நிறுவ, பெருங்கைத்தொழிலின் விளைபொருளாகிய அக்கப்பலிலும் தக்க சான்று வேறில்லை. பீரங்கிக்கும் கவசத்துக்கும் இடையிலான போட்டி, கப்பலை வாங்கவியலாத விலையுடையதாகவும் போருக்கு உதவாததாகவும் ஆக்கும் என அவர் முன்னறிந்தார்.

1906இல் முடிக்கப்பட்ட ‘ட்றெட்நோட்’ இதனை வேறொரு வகையில் மெய்ப்பித்தது. பத்துப் பன்னிரண்டங்குலப் பீரங்கிகளும் நீராவிச் சுழலியும் கொண்ட அக்கப்பல், உலகின் மிகப்பெரிய போர்க்கப்பற் தொகுதியை ஒரே நாளிற் பழையதாக்கியது. அத்தொகுதி பிரித்தானியாவினுடையதே! ஜேர்மனியின் மறுமொழி இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. முன்னைய கடற்படைச் சட்டம் போர்க்கப்பலின் ஆயுளை 25 ஆண்டுகளென வகுத்திருந்தது; 1908ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 20 ஆகக் குறைத்தது. பாராளுமன்ற வாக்கினால் இரும்பு ஐந்தாண்டு மூப்படைந்தது எனலாம். பழையவற்றுக்கு மாற்றீடு என்ற பெயரில் ஆண்டுதோறும் நான்கு பெருங்கப்பல்கள் தொடங்கப்பட்டன. கவசத் தகடுகளையும் பீரங்கிகளையும் வழங்கிய குறுப் நிறுவனம் இதனாற் கொழுத்தது. அந்நிறுவனத்தின் முகவர் அதிகாரிகளுக்கு இலஞ்சமளித்து இரகசிய ஆவணங்களைப் பெற்றமையை 1913இல் கார்ல் லீப்னெக்ற் அதே பாராளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். ட்றெட்நோட்டோ 1916இல் நிகழ்ந்த ஜட்லாந்துச் சமரிற் பங்குபற்றவில்லை. 1921இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது.

பயன் என்பது எதிரியைப் பொறுத்ததுமாகும். 1904இற் பதவியேற்ற அட்மிரல் ஃபிஷர், தூர நிலையங்களிற் சிதறிக் கிடந்த சிறு கப்பல்கள் பலவற்றைப் பயனற்றவையென நீக்கினார். ஜேர்மனியை எதிர்கொள்ள அவை உதவா என்பது உண்மை. ஆயின் 1896இற் சன்சிபார் சுல்தானின் அரண்மனையை ஒரு மணித்தியாலத்துக்குள் நொறுக்கிய அணியிற் சிறு பீரங்கிப் படகுகளும் இருந்தன. கடற்படையற்ற மக்களின் முன்னிலையில் அவை வழக்கொழிந்தவையல்ல.

இதன் மறுபுறத்தை 1982இற் காண்கிறோம். ஆர்ஜென்ரீன இராணுவ ஆட்சியினரின் ‘ஜெனரல் பெல்கிரானோ’ 1938இல் ஐக்கிய அமெரிக்காவில் நீரிலிறக்கப்பட்ட கப்பல், 1951இல் விற்கப்பட்டது. வல்லரசு கழித்ததை வறிய அரசு வாங்குவது இச்சந்தையின் வழமை. மே 2ஆந் திகதி, அணுச்சக்தியால் இயங்கிய பிரித்தானிய நீர்மூழ்கி ‘கொன்குவரர்’ அதனை மூழ்கடித்தது. நீர்மூழ்கி புதியது, ஆயின் எய்யப்பட்ட டோர்ப்பிடோக்கள் இரண்டாம் உலகப்போருக்கு முற்பட்ட வடிவமைப்பின. புதிய வகையும் கைவசமிருக்க, நம்பத்தக்கதெனப் பழையதையே தளபதி தெரிந்தார். பெல்கிரானோவில் இறந்தோர் 323 பேர். அவர்களுட் பலர் கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்டவர்கள். கப்பலின் வயதில் அரைவாசியும் நிரம்பாத இளைஞர்கள்.