தரவு மையங்களின் வரலாறு

தரவு மையம் என்பது, தகவல்களைச் சேமிக்கவும் கணிக்கவும் வலையமைப்பின் வழியாக அனுப்பவும் தேவையான வழங்கிக் கணினிகளை ஓரிடத்தில் வைத்து இயக்கும் கட்டடம் ஆகும். தடையற்ற மின்சாரம், குளிரூட்டல், வேகமான இணைப்பு, பாதுகாப்பு ஆகிய நான்கும் அதன் அடிப்படைத் தேவைகள். வங்கிப் பணப் பரிமாற்றம், பயணச்சீட்டு முன்பதிவு, மருத்துவமனைப் பதிவேடு, கடையின் இருப்புக் கணக்கு எனப் பல பணிகள் இன்று இத்தகைய கட்டடங்களை நம்பியே நடக்கின்றன. தன் கணக்கேட்டைத் தன் அலுவலகத்திலேயே பூட்டி வைத்திருந்த வணிகம், அதைப் பிறர் கட்டடத்தில் ஒப்படைக்கும் நிலைக்கு எப்படி வந்தது என்பதே தரவு மையங்களின் வரலாறு.

தொடக்கக் காலம்

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அதை வெப்பமாக வெளியேற்றியது. ஒரு பெரிய அறை, அதற்கென்று தனி மின்சாரம், வெப்பத்தைத் தணிக்கும் காற்றோட்டம் என்ற அமைப்பு அப்போதே உருவாகிவிட்டது. ஆனால் எனியாக் இராணுவக் கணக்குகளுக்காகக் கட்டப்பட்டது.

வணிகத்துக்குக் கணினியைக் கொண்டுவந்தது ஒரு தேநீர்க் கடை நிறுவனம். இங்கிலாந்தின் ஜே. லயன்ஸ் நிறுவனம் நாடெங்கும் தேநீர்க் கடைகளையும் பெரிய அடுமனைகளையும் நடத்திவந்தது. கணக்கு எழுதவே எழுத்தர்கள் பலர் தேவைப்பட்டனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியைப் பின்பற்றி, லயன்ஸ் லியோ என்ற கணினியைத் தானே கட்டியது. 1951 நவம்பரில் அடுமனைப் பொருட்களின் மதிப்பீட்டுக் கணக்கை லியோ போட்டது. 1954இல் ஊழியர்களின் சம்பளக் கணக்கையும் ஏற்றது. பின்னர் ஃபோர்டு மோட்டார் போன்ற வெளி நிறுவனங்களின் சம்பளக் கணக்கையும் கட்டணம் பெற்றுச் செய்துகொடுத்தது. ஒரு நிறுவனத்தின் கணக்கு இன்னொரு நிறுவனத்தின் கணினியில் ஓடும் வழக்கத்துக்கு இது ஒரு தொடக்கக்கால எடுத்துக்காட்டு.

நொடியும் நிற்காத சேவை

சம்பளக் கணக்கைச் சில மணி நேரம் தள்ளிப்போட முடியும். விமான முன்பதிவை அப்படித் தள்ளிப்போட முடியாது. 1950களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் அட்டைகளையும் தொலைபேசியையும் கொண்டே இருக்கைகளைக் கணக்கிட்டது. ஒரு முன்பதிவை முடிக்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரே இருக்கை இருவருக்கு விற்கப்படுவதும் நேர்ந்தது. ஐபிஎம் நிறுவனத்துடன் இணைந்து அது உருவாக்கிய சேபர் அமைப்பு 1960களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கி, 1964இல் முழு வலையமைப்பையும் எட்டியது.

நியூயார்க் மாநிலத்தின் பிரையர்கிளிஃப் மேனர் என்ற ஊரில் இரண்டு ஐபிஎம் 7090 கணினிகள் நிறுவப்பட்டன. பல நகரங்களில் இருந்த முகவர்கள் தொலைபேசி வழித்தடங்கள் மூலம் அவற்றுடன் இணைந்தனர். ஒரு கணினி வேலை செய்யும்போது மற்றொன்று மாற்றாகக் காத்திருந்தது. ஒன்று பழுதானால் மற்றொன்று ஏற்கும் இந்த ஏற்பாடே இன்றைய தரவு மையங்களின் அடிப்படை விதி. இரட்டை மின்வழி, மின்கலம், டீசல் ஜெனரேட்டர், வேறு நகரில் ஒரு நகல் மையம் ஆகியவை எல்லாம் அதன் நீட்சிகளே.

சொந்த அறையிலிருந்து வாடகை இடத்துக்கு

1980களில் தனிநபர் கணினிகள் பரவியபோது, பெரிய கணினி அறைகளின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர். 1990களில் இணையம் வளர்ந்ததும் நிலைமை மாறியது. இரவும் பகலும் திறந்திருக்கும் இணையதளத்தை அலுவலகத்தின் ஒரு மூலையில் நடத்துவது கடினமாக இருந்தது. எனவே பல நிறுவனங்கள் தங்கள் வழங்கிகளை ஒரே கட்டடத்தில் வாடகைக்கு வைக்கும் பொது மையங்கள் பெருகின. 1998இல் தொடங்கிய ஈக்வினிக்ஸ் இவ்வகையில் முக்கியமானது. ஒரே கணினியைப் பல கணினிகள்போல இயங்கச் செய்யும் மெய்நிகராக்கமும் பரவியதால், கணினியை வாங்காமலே அதன் திறனை மட்டும் வாடகைக்குப் பெற வழி பிறந்தது.

2006இல் அமேசான் தன் எஸ்3 சேமிப்பையும் ஈசி2 கணிப்புச் சேவையையும் அறிமுகப்படுத்தியது. இதன் பயனை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் அனுபவத்தில் காணலாம். 2008 ஆகஸ்டில் அதன் தரவுத்தளம் பழுதானதால், மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடிகளை அனுப்ப முடியவில்லை. அதன்பின் தன் பணிகளை அமேசான் மேகக் கணிமைக்குப் படிப்படியாக மாற்றத் தொடங்கி, 2016 ஜனவரியில் முடித்தது. திரைப்படங்களை இணையவழி ஒளிபரப்புவதற்கு வேண்டிய சேமிப்பையும் கணிப்புத் திறனையும் தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ள இந்த மாற்றம் உதவியது.

மின்சாரமும் நீரும்

தரவு பெருகப் பெருக மையங்களும் பெருத்தன. 2006இல் கூகுள் ஒரிகன் மாநிலத்தின் தி டேல்ஸ் என்ற சிற்றூரில் கொலம்பியா ஆற்றங்கரையில் தன் மையத்தைத் தொடங்கியது. மலிவான நீர்மின்சாரம் அதற்கு ஒரு காரணம். பின்னாளில் வெளியான விவரங்களின்படி, 2021இல் அந்த ஊர் பயன்படுத்திய நீரில் கால் பங்குக்கும் மேல் கூகுள் மையங்களுக்குச் சென்றது. அயர்லாந்தில் 2023இல் அளவிடப்பட்ட மின்நுகர்வில் 21 விழுக்காடு தரவு மையங்களுடையது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி, 2024இல் உலகத் தரவு மையங்கள் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்தின. இது உலக நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு.

ஒரே கட்டடத்தின் ஆபத்து

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஒரு தரவு மையம் தீயில் அழிந்தது. காப்புநகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்கள் தங்கள் தரவுகளை முற்றிலும் இழந்தனர். 2022 அக்டோபர் 15 அன்று தென்கொரியாவின் பாங்யோவில் ஒரு மையத்தின் மின்கல அறையில் தீப்பற்றியது. நாட்டின் பெரும்பாலான மக்கள் பயன்படுத்தும் காக்காவோ டாக் செயலியும், அதனோடு இணைந்த பணம் செலுத்தும் சேவையும் வாடகைக் கார் சேவையும் முடங்கின. முழுமையாகச் சீராக ஐந்து நாட்களுக்கு மேல் ஆனது. மாற்று ஏற்பாடு போதாமல் இருந்ததே இந்தத் தாமதத்துக்குக் காரணம்.

இந்தியாவும் சென்னையும்

இந்தியர்களின் பணப் பரிமாற்றத் தரவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018இல் இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. உள்நாட்டு மையங்களின் வளர்ச்சிக்கு இது ஓர் உந்துதலாயிற்று. கடலடி வடங்கள் கரையேறும் நகரம் என்பதால், மும்பைக்கு அடுத்தபடியாகச் சென்னை முக்கிய இடம் பெற்றது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய மையங்கள் இயங்குகின்றன. தமிழ்நாடு அரசு 2021இல் இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2019 கோடையின் குடிநீர்ப் பஞ்சத்தையும் கண்ட நகரம் இது. எனவே மையத்தை எந்த மேட்டில் கட்டுவது, எந்த நீரைக் கொண்டு குளிரூட்டுவது என்ற கேள்விகள் இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

லயன்ஸ் காலத்தில் கணினி நின்றால் ஒரு நிறுவனத்தின் கணக்குத்தான் தாமதமாகும். இன்று ஒரு கட்டடம் நின்றால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான தொழில்கள் ஒரே நேரத்தில் நிற்கின்றன. ஆகவே தரவு எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்பதோடு, அதன் நகல் வேறு எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் அறிந்திருப்பது மேகக் கணிமையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவனத்தின் பொறுப்பாகும்.