நைக்கான்

நைக்கான் என்பது, பிறரோடு தனக்குள்ள உறவின் வழியே தன் வாழ்க்கையை ஒழுங்குமுறையாக எண்ணிப் பார்க்கும் ஜப்பானியப் பயிற்சி. இதை வகுத்தவர் யோஷிமோத்தோ இஷின் (1916–1988) என்ற வணிகர். மனக்கசப்பு, குடும்பப் பூசல், குடிப்பழக்கம் ஆகியவற்றிலிருந்து மீள விரும்புவோர் இதை நாடுகின்றனர்.

தோற்றம்

ஜோதோ ஷின்ஷூ என்ற பிரிவைச் சேர்ந்த பௌத்தர் சிலரிடையே ‘மிஷிராபே’ என்ற கடுநோன்பு வழக்கில் இருந்தது. உணவும் நீரும் உறக்கமும் துறந்து தன்னைத் தானே ஆராய்வது அது. அந்நோன்பை நோற்ற யோஷிமோத்தோ, உடலை வருத்தும் கூறுகளையும் சமயச் சார்பையும் களைந்து அதை எல்லோருக்கும் உரியதாக்கினார். 1953இல் நாரா மாகாணத்தின் யமத்தோகோரியாமாவில் பயிற்சி நிலையம் தொடங்கினார். 1950களிலேயே இம்முறை சிறைகளுக்கும் சென்றது.

முறை

பயிற்சி ஒரு வாரம் நீளும். பயில்பவர் அறையின் மூலையில் மடிப்புத் திரைக்குப் பின்னே காலை முதல் இரவு வரை அமர்ந்திருப்பார். பெரும்பாலும் தாயில் தொடங்கி, ஒவ்வொருவரைக் குறித்தும் காலப்பகுதி வாரியாக மூன்று கேள்விகளை எண்ணிப் பார்ப்பார்:

1. அவரிடமிருந்து நான் பெற்றது என்ன?
2. அவருக்கு நான் செய்தது என்ன?
3. அவருக்கு நான் கொடுத்த தொல்லை என்ன?

‘அவர் எனக்குக் கொடுத்த தொல்லை என்ன?’ என்ற கேள்வி வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. யாரும் கேட்காமலே மனம் அந்தக் கணக்கை வைத்திருக்கும்.

ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வழிகாட்டி வந்து, வணங்கி, திரையை விலக்கிச் சில நிமிடங்கள் கேட்பார்; தீர்ப்புச் சொல்ல மாட்டார். ‘அம்மா அன்பானவர்’ என்ற பொதுவான விடை போதாது. காய்ச்சல் கண்ட இரவில் விழித்திருந்தது யார், பள்ளிக்குச் சோறு கட்டித் தந்தது யார் என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். தன்னை வளர்க்க ஆன செலவைக் கணக்கிடும் பயிற்சியும் உண்டு.

பயன்

துன்பக் காலத்தில் ‘எனக்கென்று யாருமில்லை’ என்ற எண்ணம் வலுப்பெறும். நைக்கான் அதனோடு வாதாடுவதில்லை. நல்லதையே நினை என்று அறிவுரை கூறுவதுமில்லை. மறந்துபோன உதவிகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவருகிறது. நன்றி அதன் விளைவாகத் தானே பிறக்கிறது. இதே மூன்று கேள்விகளை நாள்தோறும் இரவில் சிறிது நேரம் எண்ணிப் பார்க்கும் எளிய வடிவமும் உண்டு. ஆஸ்திரியா, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் நைக்கான் பயிலப்படுகிறது.

எல்லை

மூன்றாம் கேள்வி குற்றவுணர்வைக் கிளறக்கூடியது. கடும் மனச்சோர்வு உள்ளோரும் வன்கொடுமைக்கு ஆளானோரும் மருத்துவர் துணையின்றி இதில் இறங்கலாகாது. பிறர் இழைத்த கொடுமைக்குத் தன்னையே பழித்துக்கொள்ள இப்பயிற்சி ஒருபோதும் வழியாகிவிடக் கூடாது.