சம்பளமா, சொந்தத் தொழிலா? பெரம்பலூரின் இரண்டு பயிற்சிகள்

பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடியைச் சுற்றியுள்ளவை பெரும்பாலும் மானாவாரி ஊர்கள். பருத்தியையும் மக்காச்சோளத்தையும் சின்ன வெங்காயத்தையும் நம்பிய குடும்பங்கள் கடன்பட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. பட்டம் வாங்கிய பிள்ளை மறுபடி களைக்கொட்டு பிடிப்பதைப் பெற்றவர்கள் விரும்புவதில்லை. படித்ததற்கேற்ற வேலை பக்கத்தில் கிடைப்பதும் அரிது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்கு மாநில அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறது, அதுவும் 3 ஆண்டுகளுக்கு மட்டும். விண்ணப்பம் போடவும் பஸ்ஸுக்கும் அது ஆகும், வாழ்க்கைக்கு ஆகாது. அதனால்தான் பயிற்சித் திட்டங்கள் மேல் இவ்வளவு எதிர்பார்ப்பு.

அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் தாய்த்துறை ஒன்றுதான், மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம். இரண்டிலும் கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்று இளைஞரைச் சம்பளக்காரர் ஆக்கப் பார்க்கிறது, மற்றது முதலாளி ஆக்கப் பார்க்கிறது.

முதலாவது, 2014 செப்டம்பர் 25-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டம். தமிழ்நாட்டில் மகளிர் திட்ட அலுவலகங்கள் வழியாக ஆள் சேர்க்கிறார்கள். ‘இளைஞர் திறன் திருவிழா’ என்று ஒன்றியந்தோறும் முகாம் நடப்பது இதற்காகத்தான். வயது 15 முதல் 35 வரை. பெண்களுக்கு 45 வரை. 3 மாதம் தொடங்கி ஓராண்டு வரை பயிற்சி. பயிற்சி தரும் நிறுவனமே வேலையும் வாங்கித்தர வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டாவதன் வேர் கர்நாடகத்தில் இருக்கிறது. 1982-இல் தர்மஸ்தலாவுக்கு அருகே உஜிரேயில், கோயில் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டேயின் முயற்சியில் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து ஒரு சுயதொழில் பயிற்சி நிலையம் தொடங்கின. அது நன்றாக நடந்ததைப் பார்த்து, மாவட்டத்துக்கு ஒன்று வங்கிகளின் பொறுப்பில் அமைய வேண்டும் என்று 2009-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. பெரம்பலூரில் அந்தக் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி நடத்துகிறது. கறவை மாடு, ஆடு வளர்ப்பு, தையல், அழகுக்கலை, செல்போன் பழுது, வயரிங் என்று சில வாரப் பயிற்சிகள். பயிற்சியோடு விட்டுவிடுவதில்லை, 2 ஆண்டுகள் பின்தொடர்ந்து, கடன் கிடைக்கவும் தொழில் நிலைக்கவும் துணை நிற்க வேண்டும் என்பது விதி.

இரண்டும் வெற்றியை எப்படி அளக்கின்றன என்பதில்தான் எனக்கு முக்கியமான வேறுபாடு தெரிகிறது. முதல் திட்டத்தின் நெறிமுறையில், ஒருவர் 3 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தாலே வேலை கிடைத்தவர் என்று கணக்கு. ரஞ்சன்குடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ போகும் பையனுக்கு அந்த 3 மாதம்தான் கொடுமையான காலம். அறை வாடகைக்கு முன்பணம், மெஸ் சாப்பாடு, இரவு ஷிப்ட். வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. இதை உணர்ந்தே மாதம் 1,000 ரூபாய் வீதம் உதவி வைத்தார்கள். மாவட்டத்துக்குள் வேலையானால் 2 மாதம், மாநிலத்துக்குள் 3, வெளிமாநிலம் என்றால் 6. நல்ல எண்ணம்தான், தொகை போதாது. நான்காம் மாதம் ஊர் திரும்புகிறவரை ‘வேலையில் நிலைக்காதவர்’ என்று குறை சொல்வது அநியாயம். அவர் குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

வங்கி மையத்தின் 2 ஆண்டுக் கணக்கு இதைவிட நேர்மையானது. ஆனால் அங்கே இடர்ப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்சி முடிந்து சான்றிதழோடு உள்ளூர்க் கிளைக்குப் போனால், கடன் தானாக வந்துவிடாது. குறுந்தொழில்களுக்குக் குறிப்பிட்ட தொகை வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 50,000 ரூபாய் வரை மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு கடன் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் வழியாக 25 சதவீத மானியத்தில் மாநில அரசின் கடனும் உண்டு. இருந்தும் அப்பா வாங்கிய பயிர்க்கடன் நிலுவையில் இருந்தாலோ, வீட்டுக்குப் பட்டா இல்லாவிட்டாலோ மேலாளர் தயங்குகிறார். தொழுவமும் கிணறும் உள்ள வீட்டுப் பெண் மாடு வளர்ப்புப் பயிற்சி முடித்தால் மறுமாதமே கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றலாம். காலனியில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறவள் அதே பயிற்சியை எடுத்து மாட்டை எங்கே கட்டுவாள்? ஆகவே நிலமற்ற குடும்பத்துக்குச் சம்பள வேலையே பொருந்தும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பிடிமானம் உள்ள குடும்பத்துக்குச் சொந்தத் தொழில். முகாமில் வயதையும் மதிப்பெண்ணையும் கேட்பது போல குடும்பத்தின் இந்த நிலையையும் கேட்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் வீடே முடிவெடுக்கிறது. வெளியூர் வேலைக்கு அனுப்ப மறுக்கும் வீடுகளுக்கு வங்கி மையத்தின் தையல் வகுப்பு ஏற்புடையது. ஆனால் ஒரே ஊரில் எத்தனை தையல் கடைகள் பிழைக்கும்?

சம்பளமா, சொந்தத் தொழிலா என்ற இந்தக் கணக்கை மாற்றக்கூடிய ஒன்று ரஞ்சன்குடிக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. சர்க்கரை ஆலைக்குப் பெயர்பெற்ற எறையூரில் சிப்காட் தொழில் வளாகம் அமைத்து, 2022-இல் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2023-இல் க்ராக்ஸ் காலணி செய்யும் ஆலை திறக்கப்பட்டது. வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் மாதச் சம்பளம் என்றால், அறை வாடகையும் இல்லை, பெண்ணை அனுப்புவதில் அத்தனை தயக்கமும் இல்லை. உள்ளூர் ஆலைக்கான பயிற்சியை இங்குள்ள வேப்பந்தட்டை வட்டத்திலேயே நடத்தலாம். அதிலும் வரிசையில் உட்கார்ந்து வேலை செய்வதற்கு மட்டுமல்லாமல், இயந்திரப் பராமரிப்பு, தரப் பரிசோதனை, மேற்பார்வை ஆகியவற்றுக்கும் நடத்த வேண்டும். இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் முதல் நாள் சேர்ந்த இருக்கையிலேயே பத்து வருடம் இருப்பார்கள். ஆலையைச் சுற்றி வேன் ஓட்டவும் சாப்பாடு சமைத்துக் கொடுக்கவும் வண்டி பழுது பார்க்கவும் ஆட்கள் தேவைப்படுவார்கள். வங்கி மையம் தன் அடுத்த வகுப்புகளை அதற்காகத் திட்டமிடலாம்.